அஃப்ஷா தேடிய பிரெஞ்சுச் சொல்

மொழிபெயர்ப்புக்கு வந்த கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் அஃப்ஷா சிக்கிக்கொண்டாள். அதுவரை ஆங்கில வாக்கியங்கள் பெரிய தகராறு இல்லாமல் பிரெஞ்சுக்கு மாறிக்கொண்டிருந்தன. ‘கல்ச்சுரல் டாக்ஸேஷன்’ என்ற இரண்டு சொற்கள் வந்த இடத்தில் வேலை அப்படியே நின்றுபோயிற்று.

பொருள் புரியாமல் நிற்கவில்லை. நன்றாகப் புரிந்ததுதான் தொல்லை. சிறுபான்மையிலிருந்து வந்த ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்கிறார். பாடம் நடத்தி ஆராய்ச்சி செய்தால் மற்றவர்களுக்குப் போதும்; அவருக்கு அது போதாது. தம் மக்களின் சார்பில் எல்லாக் குழுக்களிலும் அவர் உட்கார வேண்டும். அந்த மக்களிலிருந்து வரும் மாணவர் அழுதால் ஆற்ற வேண்டும், பெற்றோர் சண்டைக்கு வந்தால் சமாதானம் பேச வேண்டும், புகைப்படத்தில் முன்வரிசையில் நிற்க வேண்டும். பதவி உயர்வின்போது இவற்றில் எதுவும் கணக்கில் வராது. இப்படி அவரிடமிருந்து ஓசையின்றிப் பிடுங்கப்படும் நேரத்துக்குத்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் ‘வரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அதைப் பிரெஞ்சில் அப்படியே ‘தக்ஸாசியோன் குல்துரெல்’ என்று எழுதிவிடலாம். எழுதினால், பிரான்சில் புத்தகம் வாங்கும் ஒருவர் சினிமா டிக்கெட்டுக்கும் அருங்காட்சியக நுழைவுக்கும் அரசாங்கம் போடும் வரி என்று எண்ணிக்கொள்வார். அஃப்ஷா எழுதினாள், அழித்தாள். எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். பாதியில் விட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். வாசலில் ஆம்பூர் பஜாருக்குப் போகும் ஆட்டோக்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு நகர்ந்தன.

அவள் பிரெஞ்சு கற்றது எந்த வகுப்பறையிலும் அன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தாள். பிரான்சிலிருந்து வாங்குவோர் அனுப்பும் கடிதங்கள் பாதி ஆங்கிலத்தில், பாதி பிரெஞ்சில் வரும். பிரெஞ்சுப் பகுதியை மேலாளர் அகராதியும் ஊகமுமாகப் படித்து ஒருமுறை பழுப்பு நிறச் செருப்புக்குப் பதில் கறுப்பு நிறத்தை அனுப்பிவைத்தார். அதன்பிறகு அஃப்ஷா ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல் எடுத்து, ஆண்டு வாரியாகக் கோப்பில் கட்டி, அடியில் பென்சிலால் பொருள் எழுதத் தொடங்கினாள். கடிதங்கள் பாடநூலாயின. சென்னைக்குப் போய்த் தேர்வுகள் எழுதினாள், தபால் வழியில் பட்டங்கள் பெற்றாள், வேலூர்ப் பக்கத்தில் ஒரு தனியார் கலைக்கல்லூரியில் பிரெஞ்சு விரிவுரையாளர் ஆனாள். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தப் பணி. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் சிலர் நிரந்தரமாகிவிட்டார்கள். கோப்புக் கட்டும் பழக்கம் மட்டும் அவளை விடவில்லை. கல்லூரி அனுப்பிய சுற்றறிக்கைகளில் ஒன்றையும் அவள் கிழித்துப் போட்டதில்லை.

இந்த ஆண்டு நிரந்தரப் பணியிடம் ஒன்று இருந்தது. விண்ணப்பிப்பவர் பெயரில் வெளியார் பதிப்பித்த, அல்லது பதிப்பிக்க ஏற்றுக்கொண்ட, ஓர் எழுத்தாவது வேண்டும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. ஷூ கம்பெனிக்குக் கடிதம் எழுதிய நாளிலிருந்து அவளோடு தொடர்பில் இருந்த கிளேர் மொன்னியே இப்போது லியோன் நகரில் ஒரு சிறிய பதிப்பகத்தில் வேலை பார்த்தார். பல்கலைக்கழகங்களைப் பற்றிய ஒரு தொகுப்புக்காக இந்தக் கட்டுரையை அவளிடம் கொடுத்தவர் அவர்தான். மாதக் கடைசிக்குள் பிழையின்றிப் போனால் அவள் பெயர் அச்சில் வரும். ஏற்றுக்கொண்டதாகப் பதிப்பகத்தின் கடிதம் வந்தாலே தேர்வுக் குழுவின் முன்னால் நிமிர்ந்து உட்காரலாம். கட்டுரை முழுவதும் இந்த ஒரு சொல்லின் மேல் நின்றது. சொல் கிடைக்காமல் கட்டுரையை அனுப்ப முடியாது.

அவள் சில சொற்களை வைத்துப் பார்த்தாள். ‘சுர்ஷார்ஜ்’ என்றால் அதிகச் சுமை, லாரிக்குத்தான் பொருந்தியது. ‘கொர்வே’ என்பது ஒரு காலத்தில் குடியானவன் பண்ணையாருக்குக் கூலியின்றிச் செய்த கட்டாய வேலை. அது கிட்டத்தட்டச் சரி என்று துள்ளினாள். தொலைபேசியில் கிளேர் கேட்டுவிட்டுச் சிரித்தார். இன்று பிரெஞ்சு வீடுகளில் பாத்திரம் கழுவுவதையும் குப்பை கொட்டுவதையும்தான் அப்படிச் சொல்கிறார்கள், வாசகர் அடுப்பங்கரைக்குப் போய்விடுவார் என்றார். வேறு வழியில்லாவிட்டால் ஆங்கிலத்தையே சாய்வெழுத்தில் விட்டுவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் ஆறுதல் கூறினார். அஃப்ஷாவுக்கு அந்த ஆறுதல் பிடிக்கவில்லை. சாய்வெழுத்தில் விட்டால் அது எங்கோ அமெரிக்காவில் யாருக்கோ நடப்பதாகிவிடும்.

அந்தப் பேச்சு முடிவதற்குள் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. மொழித்துறைத் தலைவர் பரணிதரன். அஃப்ஷாவுக்கு அன்று வகுப்பில்லை என்பது அவருக்குத் தெரியும். அதற்காக முதலில் வருத்தம் தெரிவித்தார். பிறகு அலுவலகத்தில் ஒரு மாணவியின் தகப்பனார் கத்திக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

“உங்க ஆளுங்கதான் மேடம். நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசினா அடங்கிடுவார். உங்கள விட்டா இதுக்கு யாரும் கெடையாது.”

கடைசி வாக்கியத்தை அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். மனதாரத்தான் சொல்வார். நல்லிணக்க நாளுக்கு வரவேற்புரை, மசூதிக்கும் கல்லூரிக்கும் இடையே தூது, உருது மட்டும் தெரிந்த தாய்மாருக்கு விளக்கம், சிறுபான்மை உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்த்தல், பார்வையிட வரும் குழுவுக்கு முன்வரிசை என எல்லாவற்றுக்கும் அந்த வாக்கியம்தான் அழைப்பிதழ். கேட்கும்போதெல்லாம் அஃப்ஷாவுக்கு உள்ளூர ஓர் இனிப்பும் ஊறும். அதை அவள் மறுத்ததில்லை. மடிக்கணினியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினாள். விரிஞ்சிபுரத்தைத் தாண்டும்வரை மடியில் வைத்து ஒரு வரி தட்டச்சு செய்தாள். இறங்குவதற்குள் அதையும் அழித்திருந்தாள்.

அலுவலகத்தில் கத்திக்கொண்டிருந்தவர் சமீருல்லா. பேரணாம்பட்டில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் தோலை ஊறவைத்துச் சுழற்றும் டிரம்மை ஓட்டுபவர். அரைநாள் விடுப்பு எடுத்து வந்திருந்தார், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. அவருக்குப் பின்னால் அவர் மகள் ரிஸ்வானா தலைகுனிந்து நின்றாள். அஃப்ஷாவின் வகுப்பில் பிரெஞ்சு படிப்பவள், நன்றாகப் பேசுபவள். படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்யப் போகிறார் போலும், வழக்கமான பேச்சைப் பேச வேண்டியிருக்கும் என்று அஃப்ஷா வரும் வழியிலேயே சொற்களை அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை. வருகைப்பதிவு குறைவு என்று ரிஸ்வானாவுக்கு ஹால் டிக்கெட் தர மறுத்துவிட்டார்கள். தகப்பனார் மகளைப் படிக்க வைக்கத்தான் கத்திக்கொண்டிருந்தார்.

அஃப்ஷாவைக் கண்டதும் அவர் குரலைத் தணித்துக்கொண்டார். அந்தத் தணிவு கத்தலைவிட மோசமாக இருந்தது.

“இன்னா மேடம், ஃபங்ஷன்னா எங்க பொண்ணு வேணும், பரீட்சைன்னா வேணாமா? மந்திரி வந்தா தட்டு புடிச்சிட்டு நிக்குது. ஃபாரின்காரன் வந்தா பூ குடுக்குது. போட்டோல்லாம் பாக்குறேன், ஜோராத்தான் இருக்குது. கிளாஸ்ல ஆள் இல்லன்னு இப்ப சொல்றாங்க. கிளாஸ்லேர்ந்து இட்டுனு போனது யாரு?”

ரிஸ்வானா ஒரே ஒருமுறை நிமிர்ந்து அஃப்ஷாவைப் பார்த்தாள். உடனே தகப்பனாரின் சட்டையைப் பிடித்து இழுத்து, “வுடுங்கப்பா, மேம் என்னா பண்ணுவாங்க” என்றாள்.

ரிஸ்வானாவை வகுப்பிலிருந்து அழைத்துக்கொண்டு போனவள் அஃப்ஷாவேதான். விழாக்குழுவினர் முக்காடு போட்ட பெண் ஒருத்தி வரிசையில் வேண்டும் என்பார்கள். அஃப்ஷா யோசிக்காமல் ரிஸ்வானாவின் பெயரைச் சொல்லுவாள். கூச்சமில்லாதவள், உருதும் தமிழும் ஆங்கிலமும் பேசுபவள், சொன்னால் செய்பவள். அப்படி அழைக்கும்போது அஃப்ஷா அவளிடம் என்ன சொல்வாள் என்பதும் நினைவுக்கு வந்தது: ‘உன்ன விட்டா வேற யாரும் இல்லம்மா.’

சமீருல்லாவிடம் அவள் நாளைக்குள் பதில் சொல்வதாக மட்டும் சொன்னாள். அவர் நம்பினாரா என்பது தெரியவில்லை. பூட்ஸ் தரையில் பதித்த ஈரத்தைத் தாமே காகிதத்தால் துடைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அவள் கணினியைத் திறக்கவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். அவள் தகப்பனார் மக்பூல் அகமது தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர். இயந்திரத்தின் அடியில் தோலை விரித்து, அச்சை வைத்து, செருப்பின் மேல்பாகங்களை வெட்டி எடுப்பது அவர் வேலை. எந்தத் தோலிலும் தழும்பு இருக்கும். முள் கிழித்தது, உண்ணி கடித்தது, சூடு போட்டது. அவற்றை விலக்கி அச்சை வைக்க வேண்டும். கட்டிங் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. தழும்பு அதிகமுள்ள தோல்களைச் சூப்பர்வைசர் மக்பூலின் மேசைக்கே அனுப்புவார், அவற்றிலிருந்து ஜோடி தேற்ற அவரால்தான் முடியும் என்று. ஆனால் டார்கெட் எல்லாருக்கும் ஒன்றுதான். மாலையில் சுவர்ப் போர்டில் அன்றன்றைய எண்ணிக்கை எழுதும்போது, பிரிவிலேயே தேர்ந்த கைக்காரரின் பெயர் கடைசியில் நிற்கும். இதை வீட்டில் அவர் குறையாகச் சொன்னதே இல்லை. பெருமையாகத்தான் சொல்வார்.

அஃப்ஷா நடப்பதை நிறுத்தி, அன்று கல்லூரியில் நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு வழக்கம்போலச் சிரித்தார்.

“நல்ல தோல எவன் வேணா வெட்டுவான், பேட்டா. ஒன்ன நம்பித்தான குடுக்குறான்.”

“இன்பராஜ் அண்ணனுக்கு நீங்க ஏன் குடுத்தீங்க?”

இன்பராஜ் மக்பூலின் பக்கத்து மேசைக்காரர், வயதில் சிறியவர். தம்மிடம் வந்த தழும்புத் தோல்களில் பாதியை மக்பூல் அவர் மேசைக்குத் தள்ளிவிடுவார். சில மாதங்களில் போர்டின் கடைசியில் இரண்டு பெயர்கள் நின்றன. இன்பராஜ் வேலையை விட்டுத் திமிரி என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டார்; வழியில் கண்டாலும் மக்பூலிடம் பேசுவதில்லை.

“அவன் கை நல்ல கை. அதான் குடுத்தேன்.”

“அவரு கேட்டாரா?”

மக்பூல் ரிமோட்டைக் கையில் எடுத்தார், ஒலியைக் கூட்டவில்லை. “கேக்கல” என்றார். பிறகு, “நானுந்தான் கேக்கல. எனக்கு மட்டும் யாரு கேட்டுக் குடுத்தாங்க” என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டு எழுந்து தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் போனபின் அஃப்ஷா பழைய ஷூ கம்பெனிக் கோப்புகளைப் பரணிலிருந்து இறக்கினாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. உட்கார முடியவில்லை, கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. புரட்டிக்கொண்டே போகையில், சோதனைக்கூடத்துக்குத் தோல் அனுப்பச் சொல்லும் கடிதங்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: ‘பிரெலெவ்மான்’. ஒன்றிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்வது. பிரான்சில் சம்பளம் கைக்கு வருமுன் பிடித்துக்கொள்வதையும் அப்படியே சொல்வார்கள். தோல் விஷயத்தில், முதுகெலும்பை ஒட்டிய நல்ல பகுதியில்தான் ஒரு துண்டு வெட்டி எடுக்க வேண்டும் என்பது விதி. துண்டு சோதனையில் தேறிவிடும். துண்டு கொடுத்த தோல் நடுவில் ஓட்டையோடு கட்டிங் பிரிவுக்குப் போகும், தரம் குறைந்தது என்ற பெயரோடு.

அவள் அந்தச் சொல்லைக் கட்டுரையின் வாக்கியத்தில் வைத்துப் படித்தாள். வரி என்றால் அது வானத்திலிருந்து விழுந்தாற்போல இருக்கிறது. போட்டவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. எடுப்பு என்று சொன்னால் எடுத்த கை ஒன்று இருந்தாக வேண்டும். அந்த இடத்தில் அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. எடுத்த கைகளில் ஒன்று அவளுடையது.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பரணிதரனின் அறைக்குப் போனாள். விழா நாட்களில் ரிஸ்வானா கல்லூரி வேலையாகப் போனதாக வருகைப்பதிவு கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். அவர் சங்கடத்தோடு பேனா மூடியைத் திருகினார். விழா வேலைக்கு வகுப்பு நேரத்தில் மாணவர்களை எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, அதனால் அந்த நாட்களுக்கு எவரும் அனுமதி எழுதி வாங்கவில்லை, இப்போது வருகைப்பதிவு கொடுத்தால் விதியை மீறி யார் அனுப்பினார்கள் என்ற கேள்வி எழும் என்று விளக்கினார். அவரும் உட்காரப்போகிற தேர்வுக் குழு அடுத்த வாரம் கூடுகிறது என்பதை அவர் சொல்லவில்லை. அது இருவருக்கும் தெரிந்ததுதான்.

“நான் அனுப்புனேன்னு எழுதித் தர்றேன் சார்.”

“வேணாம் மேடம். எழுத்துல குடுத்தா ஃபைல்ல ஏறும். அந்தப் பொண்ணு அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கட்டும். ஒரு ஆறு மாசம். நீங்க எத்தன வருஷமா காத்துனு இருக்கீங்க?”

அவர் கேட்டது அக்கறையால். அஃப்ஷாவுக்கு அது தெரிந்தே இருந்தது. அதனால்தான் தயங்கினாள். அவளுடைய கோப்பில் இதுவரை ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. அந்தக் கோப்பை அவள் பேணி வளர்த்திருந்தாள். பக்கத்து மேசைக்குத் தோலைத் தள்ளிவிட்டு, ‘உன் கை நல்ல கை’ என்று சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு எளிது என்பதையும் நேற்று மாலைதான் கேட்டிருந்தாள்.

அவள் எழுதினாள். வகுப்பு நேரத்தில் மாணவியை விழா வேலைகளுக்கு அழைத்துச் சென்றது தான்தான், மாணவி தானாக விடுப்பு எடுக்கவில்லை என்று விழா நாட்களின் தேதிகளோடு நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டாள். பரணிதரன் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். தமிழ் நன்றாக இருக்கிறது என்றார். மாலைக்குள் ரிஸ்வானாவுக்கு ஹால் டிக்கெட் கிடைத்தது. சமீருல்லா தொலைபேசியில் அழைத்து நன்றி சொன்னார்.

‘பிரெலெவ்மான்’ என்ற சொல்லோடு கட்டுரை குறித்த நாளுக்குள் லியோனுக்குப் போய்விட்டது. கிளேர் உடனே எழுதினார்: சொல் விசித்திரமாக இருக்கிறது, ஆனால் படித்ததும் முதுகில் ஏதோ பிடுங்கினாற்போல இருந்தது, வைத்துக்கொள்ளலாம், அடிக்குறிப்பு மட்டும் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். அஃப்ஷா நான்கு வரியில் எழுதினாள். இது பாராட்டின் வடிவில் வசூலிக்கப்படுவது, அதனால் கொடுப்பவர் தாம் கொடுப்பதை நெடுநாள் அறியார். கொடுத்துப் பழகியவர் தமக்கு அடுத்து வருபவரிடமிருந்து எடுக்கவும் செய்வார் என்று முடித்தாள். மூல ஆசிரியர் அந்தக் கடைசிப் பகுதியை எங்கும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளரின் குறிப்பு என்று தெளிவாகப் போட்டுத்தான் அனுப்பினாள்.

தேர்வுக் குழு கூடியது. மொழிபெயர்ப்பைப் பற்றி ஒருவர் ஒரு கேள்வி கேட்டார், ஃபைலில் ஏறிய தாளைப் பற்றி மற்றவர்கள் கேட்டார்கள். விதி தெரிந்தே மீறினாரா என்றார்கள். தெரிந்து மீறியதாகச் சொன்னாள். நிரந்தரப் பணியிடம் வேறொருவருக்குப் போயிற்று. அவளுடைய ஒப்பந்தம் இன்னோர் ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. அந்த இரண்டு ஆணைகளையும் அவள் நகலெடுத்துக் கோப்பில் வைத்தாள். அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை திமிரிப் பக்கம் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிக் காலையிலேயே கிளம்பிப் போனார். திரும்பி வந்து என்ன வேலை என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

புதிய பருவம் தொடங்கிய வாரத்தில் பரணிதரனிடமிருந்து அழைப்பு வந்தது. அஃப்ஷா அடுத்த மொழிபெயர்ப்பின் முதல் பக்கத்தில் இருந்தாள். வெளிநாட்டுக் குழு ஒன்று வருகிறது, வரவேற்புக்குப் பெண்கள் வேண்டும், அதில் ஒருவராவது உங்கள் பக்கத்துப் பெண்ணாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும், ரிஸ்வானா என்றால் இன்னும் நல்லது என்றார். கடைசியில் அந்த வாக்கியத்தையும் சொன்னார், முன்போலவே மனதார. அஃப்ஷாவுக்குள் அந்தப் பழைய இனிப்பு ஊறியது. அவள் அதை விழுங்கிக்கொண்டு எழுந்து ஜன்னல்வரை நடந்தாள்.

“அந்த நேரத்துல அந்தப் பொண்ணுக்கு என்ன கிளாஸ், சார்?”

தமக்குத் தெரியாது, கால அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். பார்த்துச் சொல்லுங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன் என்றாள் அஃப்ஷா. அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழும் ஓசையும், அலமாரிக் கதவைத் திறக்கும் ஓசையும் கேட்டன. அவள் தொலைபேசியைக் காதில் வைத்தபடி ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே காத்திருந்தாள்.